குடம் தூக்குற கை வால்வும் திருப்பும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், பேரூராட்சி ஒன்றின் குடிநீர்ப் பிரிவில் 28 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் குழு உறுப்பினர் ஆற்றிய உரை. பேச்சு நடை மாறாமல் எழுதப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘உள்ளாட்சிக் குடிநீர்த் துறையில் பெண்களுக்கான வேலைவாய்ப்பு’. தலைப்பு பெருசா இருக்கு. பதினஞ்சு நிமிஷத்துல முடிங்கன்னு செயலாளர் சொல்லியிருக்காவ. கொஞ்சம் கூடக்குறைய ஆகும், பொறுத்துக்கிடுங்க.

நம்ம மேலகரத்துக்கு ஒரு பெருமை உண்டு. குற்றாலக் குறவஞ்சி பாடின திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. அருவியைப் பாட அவர் இருந்தார். அந்தத் தண்ணி சிற்றாறா இறங்கி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியோட சேருற வரைக்கும் எத்தனை கை அதைத் தொட்டு அனுப்புதுன்னு பாட ஆளில்லை. சீசன் வந்தா ஊரு உலகமே குளிக்க இங்க வருது. அதே நேரத்துல நம்ம தெருவுல, ‘எக்கா, இன்னைக்குக் குழாய்ல தண்ணி வருமா?’ன்னு ஒரு சத்தம் கேக்கும். அருவி பக்கத்துல இருந்தும் குழாயைப் பாத்து நிக்கிறவங்கதான் நாம.

ஜல் ஜீவன் திட்டத்துல கிராமத்துக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு வச்சிருக்காங்க. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர்னு வையுங்க, கிட்டத்தட்ட 15 குடம். வீட்டுக்குள்ள குழாய் வராத காலத்துல அந்தப் பதினஞ்சையும் இடுப்புல சுமந்தது யாரு? எங்க அம்மை சுமந்தா, நான் சுமந்தேன், நீங்களும் சுமந்தீங்க. அதுக்குச் சம்பளம் கிடையாது. அதே தண்ணியை சுவிட்சைப் போட்டுத் தொட்டிக்கு ஏத்துறதுக்குச் சம்பளம் உண்டு. ஆனா அது ஆம்பள வேலைன்னு சொல்லிட்டாங்க. இதுல என்ன நியாயம்னு எனக்கு இன்னைக்கும் விளங்கல.

எங்க வீட்டுக்காரவுக மோட்டார் ஆபரேட்டரா இருந்தாவ. 1993-ல தவறிட்டாவ. மறுவருஷம் கருணை அடிப்படையில எனக்கு வேலை கிடைச்சுது. வயசு 32, கையில ரெண்டு பிள்ளைக, படிப்பு பத்தாவது பாஸ். குடிநீர்ப் பிரிவுன்னு உத்தரவுல எழுதியிருந்தது. ஆனா முதல் ரெண்டு வருஷம் நான் தபால் பிரிச்சேன், டீ வாங்கிட்டு வந்தேன், மேசை துடைச்சேன். ‘பொம்பளையை ராத்திரி மோட்டார் ரூம்ல எப்படிம்மா விட’ன்னு கேட்டாங்க. என் மேல உள்ள அக்கறையில கேட்டவங்களும் உண்டு, அதை நான் மறைக்கல. ஆனா ஆபீஸ்ல இருந்தா ஓவர்டைமும் இல்லை, தொழிலும் கையில ஏறாது.

மோட்டார் ரூம்ல ஒரு பெரியவர் இருந்தாரு. அவருக்குக் கண் பார்வை மங்கிட்டு வந்தது, மீட்டர் முள்ளு தெரியல. ‘தாயி, வந்து அந்த முள்ளு எதுல நிக்குன்னு சொல்லிட்டுப் போ’ன்னு கூப்பிடுவாரு. அப்படித்தான் நான் உள்ள போனேன். வோல்டேஜ் குறைஞ்சா ஆம்ஸ் கூடும், அப்படியே விட்டா காயில் எரிஞ்சிரும்னு அவர்தான் சொல்லிக்கொடுத்தாரு. மோட்டார் தண்ணி இழுக்கும்போது ஒரு சத்தம், காத்து இழுக்கும்போது ஒரு சத்தம். புட்வால்வு கசிஞ்சா என்ன ஆகும், வெறும் ஓட்டம் ஓடினா என்ன ஆகும்னு எல்லாத்தையும் காதால படிச்சேன்.

வால்வு திருப்புறது பலத்துல இல்லை, பொறுமையில இருக்கு. ஓடிவர்ற தண்ணியைப் படக்குன்னு அடைச்சா அது மோதித் திரும்பும், எங்கேயோ ஒரு ஜாயிண்ட் விட்டுரும். சுத்து எண்ணி எண்ணி மெதுவா மூடணும். பள்ளத்துத் தெரு வால்வை எத்தனை சுத்து இறுக்கினா மேட்டுத் தெருவுல கடைசி வீட்டுக்குத் தண்ணி ஏறும்னு ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்துலயும் இல்லை, ஆபரேட்டர் தலையிலதான் இருக்கு. அவர் ரிட்டயர் ஆனா அதுவும் கூடப் போயிரும். நான் ஒரு நோட்டுல எழுதி வச்சிட்டு வந்தேன். இப்ப அங்க இருக்கிற தம்பி அதை வச்சிருக்கானா தெரியல.

பொம்பளையா இருந்ததுல ஒரு ஆதாயமும் உண்டு. என்கிட்ட சண்டைக்கு வர்றது எல்லாருக்கும் எளுப்பமா இருந்தது. சண்டை போட்டு முடிச்ச பிறகு, ‘எக்கா, ரெண்டு நாளா தண்ணியில சாக்கடை வாடை அடிக்கு’ன்னு மெதுவாச் சொல்லுவாங்க. ஆம்பள ஆபரேட்டர்கிட்ட அதைச் சொல்ல மாட்டாங்க. வீட்டு இணைப்புல நேரா மோட்டார் வச்சு உறிஞ்சுறாங்கள்ல, அப்ப குழாய்க்குள்ள அழுத்தம் குறைஞ்சு, எங்க ஓட்டை இருக்கோ அங்க வெளியில கிடக்கிற சாக்கடையை உள்ள இழுக்கும். ‘எங்க வீட்டுல மட்டும் நல்லா தண்ணி வரட்டும்’னு வைக்கிற மோட்டார் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வயித்துப்போக்கைக் கொடுக்குது. இந்த மண்டபத்துலயே எத்தனை வீட்டுல அந்த மோட்டார் இருக்குன்னு நான் கேக்கல.

இப்ப ஒரு விஷயம் சொல்லணும். இதை நான் மேடையில சொன்னதில்லை.

ஒரு வருஷம் ஐப்பசி மழை. தண்ணி செம்மண் கலங்கலா வந்தது. தொட்டி ஒரு லட்சம் லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர்னு கணக்கு, அப்ப 400 கிராம். அளவு சரியாத்தான் நிறுத்துக் கரைச்சு ஊத்தினேன். ஆனா அந்த மூட்டையைப் பிரிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. நம்ம பக்கத்துச் சாரல் காத்துல அப்பளமே நமத்துப் போகுது, பவுடர் என்ன ஆகும்? வீரியம் போயிருந்தது. கூடவே கலங்கல் தண்ணி குளோரினைத் தின்னுரும், தெளிஞ்ச தண்ணிக்குப் போடுற அளவு அதுக்குப் பத்தாது. ரெண்டும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அன்னைக்கு மழையில கடைசித் தெரு வரைக்கும் போய்க் குழாய்த் தண்ணியைப் பரிசோதிக்காம வீட்டுக்குப் போயிட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல்.

மறுநாள் அந்தக் கடைசித் தெருவுல ஒரு சின்னக் குழந்தைக்கு வாந்தியும் வயித்தாலையும். ஆஸ்பத்திரியில மூணு நாள் டிரிப் ஏத்துனாங்க. பிழைச்சுக்கிட்டுது. தண்ணியாலதான்னு யாரும் எழுதல. நான் போய் அந்தத் தெருக் குழாயில தண்ணி பிடிச்சு மருந்து சொட்டு விட்டுப் பாத்தேன். குளோரின் இருந்தா மஞ்சளாகணும். குடிக்கிற இடத்துல லிட்டருக்குக் குறைஞ்சது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்கணும்னு விதி. எனக்கு மஞ்சளே வரல, பச்சத் தண்ணியா நின்னது. அந்தப் பிள்ளையோட அம்மை பக்கத்துல நின்னுக்கிட்டு, ‘என்னக்கா பாக்குறீங்க?’ன்னு கேட்டா. நான் பதில் சொல்லல. ஓய்வு பெறுற நாள் வரைக்கும் அதுக்கப்புறம் கடைசிக் குழாயைப் பாக்காம நான் வீட்டுக்குப் போனதில்லை.

இதை ஏன் சொல்றேன்னா, ‘தண்ணி திறந்து விடுற வேலைதானே’ன்னு நம்ம ஆட்களே பேசுறாங்க. அப்படி நினைச்சுத்தான் பிள்ளைகளை இந்தப் பக்கமே அனுப்புறதில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 94 சென்டிமீட்டருக்கு மேல மழை. தாமிரபரணி பெருகி, ஆத்துக்குள்ள இருந்த நீரேற்று நிலையங்கள் மூழ்கிப் போச்சு. சுத்தி வெள்ளம், குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்லை. அப்பதான் மோட்டார் கழட்டத் தெரிஞ்சவன், மாட்டத் தெரிஞ்சவன், எந்தக் குழாய் எங்க போகுதுன்னு தெரிஞ்சவன் யாருன்னு ஊரே தேடுச்சு.

சரி, வேலைக்கு வர்றேன்.

உத்திரமேரூர் கல்வெட்டு கேள்விப்பட்டிருப்பீங்க, முதலாம் பராந்தக சோழன் காலம், 919, 921-ம் வருஷம். அதுல ‘ஏரி வாரியம்’னு ஒண்ணு வருது, ஊர் ஏரியைப் பாத்துக்கிட ஒரு குழு. அதுல சேரணும்னா சொந்த நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வயசு 35-லிருந்து 70-க்குள்ள இருக்கணும். அங்க பெண்ணுக்கு இடமில்லை. அதே ‘வாரியம்’ங்கிற சொல்லுதான் 1971-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துலயும் இருக்கு. இங்க பெண்கள் பொறியாளரா இருக்காங்க, ஆய்வகத்துல இருக்காங்க. அதுக்கு முன்னால கிண்டி பொறியியல் கல்லூரியில 1940-கள்ல முதல் பெண்கள் படிச்சு வெளிய வந்தாங்க. அதுல ஏ. லலிதாவோட சான்றிதழ்ல ஆம்பளைன்னு அச்சடிச்சிருந்ததைப் பேனாவால அடிச்சுப் பெண்ணுன்னு திருத்திக் கொடுத்தாங்களாம். அவங்க கூடப் படிச்ச பி.கே. திரேசியா 1971-ல கேரளப் பொதுப்பணித் துறைக்குத் தலைமைப் பொறியாளர் ஆனாங்க. செங்கோட்டை தாண்டினா அந்தப் பக்கம்தான் கேரளா, ரொம்ப தூரமில்லை.

இந்தத் துறையில வாசல் எங்க இருக்குன்னு தெரியாமத்தான் பாதிப் பேர் திரும்பிப் போறாங்க. மேலகரம் மாதிரி பேரூராட்சியும், தென்காசி மாதிரி நகராட்சியும், மாநகராட்சியும் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறைக்குக் கீழ வரும். கிராம ஊராட்சி அப்படியில்லை, அது ஊரக வளர்ச்சித் துறை. குடிநீர் வடிகால் வாரியம் தனி. பெரிய கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை வடிவமைச்சுக் கட்டுறது அவங்க. எந்த வேலைக்கு எந்த ஆபீஸ்னு தெரியாம தப்பான படியேறி நாலு மாசம் அலைஞ்ச பிள்ளைகளை நான் பாத்திருக்கேன்.

பொறியாளர் வேலைக்கு பி.இ. சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல். 2024-ல நகராட்சி நிர்வாகத் துறைக்கு அண்ணா பல்கலைக்கழகம் மூலமாத் தேர்வு நடந்தது, அதுல டிப்ளமோ, ஐடிஐ படிச்சவங்களுக்கான பணியிடமும் இருந்தது. டிஎன்பிஎஸ்சி தொழில்நுட்பத் தேர்வுகள் தனியா உண்டு. வேதியியல் படிச்ச பிள்ளைகளுக்கு ஆய்வகம். ஆனா எல்லாரும் பி.இ. படிக்க முடியுமா? பத்தாவது முடிச்ச பிள்ளைக்கு ஐடிஐ-யில எலக்ட்ரீஷியன், பிட்டர் ரெண்டு வருஷம். பிளம்பர் ஒரு வருஷம், பம்ப் ஆபரேட்டர் மெக்கானிக்கும் ஒரு வருஷம்தான். அரசுப் பள்ளியில ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் படிச்ச பெண் பிள்ளைக்கு, ஐடிஐ சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் கிடைக்கும். காலேஜ்க்கு மட்டும்தான்னு நினைச்சு விட்டுறாதீங்க. பன்னிரண்டோ ஐடிஐ-யோ முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம். இப்படிப் படிப்படியாவும் ஏறலாம்.

அரசு வேலையில பெண்களுக்கு 30 சதவீதம் 1989-லிருந்து இருக்கு. 2021-ல அதை 40 ஆக்கப்போறதா சட்டமன்றத்துல அறிவிச்சாங்க. தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் 2010 சட்டப்படி. நம்ம பிள்ளைக இங்கிலீஷ் மீடியம் இல்லையேன்னு கூசுதுக. இந்த இடத்துல தமிழ் மீடியம்தான் கை கொடுக்கும். டிஎன்பிஎஸ்சி தேர்வுல தமிழ்த் தாள்ல 40 சதவீதம் மார்க் எடுக்காட்டா மத்த தாளையே திருத்த மாட்டாங்க. அதனால தமிழை விட்டுறக் கூடாது.

நிரந்தர வேலை எண்ணிக்கை குறைவு. இதை மறைச்சு ஆசை காட்ட நான் வரல. ஊராட்சியில மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் வேலைக்குச் சம்பளம் கொஞ்சம்தான். நிறைய இடத்துல இப்ப ஒப்பந்தக்காரர் மூலமாத்தான் ஆள் எடுக்குறாங்க. ஒப்பந்தத்துல சேர்ந்தா முதல் மாசமே கேளுங்க: பி.எஃப். நம்பர் எங்க, ஈ.எஸ்.ஐ. அட்டை எங்க, சம்பளச் சீட்டு எங்க? பி.எஃப்.-க்கு நம்ம பங்கு 12 சதவீதம் பிடிக்காங்கன்னா முதலாளி பங்கும் கட்டணும். மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு. கேட்டா வேலை போயிரும்னு பயப்படுவோம். ஒருத்தியாக் கேட்டா போகலாம். பத்துப் பேர் சேர்ந்து கேட்டா என்ன ஆகும்னு குழு நடத்துற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது, பொருளாளர் கோவிச்சுக்கிடக் கூடாது. ஊர் பேர், குழுப் பேர் சொல்லல. ஒரு குழுவுல ஒரு அக்கா கறவை மாட்டுக்குன்னு ரெண்டு லட்சம் கடன் எடுத்தாங்க. பணம் மாட்டுக்குப் போகல. ‘குடிநீர்ப் பிரிவுல வேலை வாங்கித் தாரேன், மேல வரைக்கும் ஆள் இருக்கு’ன்னு சொன்ன ஒருத்தன் கைக்குப் போச்சு, மகனுக்காக. வீட்டுக்கு வந்து பாத்த ஊக்குநர், ‘மாடு எங்கக்கா?’ன்னு கேட்டிருக்கா. ‘மேயப் போயிருக்கு’ன்னு பதில். அந்த மாடு ஆறு மாசமா மேய்ஞ்சுது. வேலையும் வரல, பணமும் வரல. மாசாமாசம் தவணையை மத்த பதினோரு பேரும் சேர்ந்து கட்டினாங்க, அவங்க அடுத்த கடனும் தள்ளிப் போச்சு. அந்த அக்காவை நான் திட்டல. பிள்ளை சும்மா வீட்டுல உக்காந்திருந்தா எந்த அம்மைக்குத்தான் மனசு பொறுக்கும்? ஆனா ரெண்டு லட்சம் கேக்கிறவன்கிட்ட அறிவிப்பு நம்பர் என்ன, எந்த நாளிதழ்ல வந்தது, தேர்வு என்னைக்குன்னு கேளுங்க. அதுக்கு அவன்கிட்ட பதில் இருக்காது. குழுத் தீர்மானப் புத்தகத்துல ஒரு வரி எழுதி வைங்கன்னு கேட்டுக்கிடுறேன்: வேலைக்குக் கொடுக்கக் கடன் கிடையாது.

இப்ப கூட்டமைப்புக்கான வேலை. ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பெண்களுக்குத் தண்ணி பரிசோதிக்கப் பயிற்சி கொடுத்தாங்க, பெட்டியும் கொடுத்தாங்க. புளூரைடு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது, நைட்ரேட் 45 தாண்டக் கூடாதுன்னு கலரைப் பாத்தே சொல்லிரலாம். கிருமி இருக்கான்னு பாக்க ஒரு சின்னக் குப்பி உண்டு, அதுல தண்ணி ஊத்தி வச்சா ஒண்ணு ரெண்டு நாள்ல கறுத்துப் போகும். எத்தனை ஊர்ல அந்தப் பெட்டி பீரோ மேல தூசி பிடிச்சுக் கிடக்கு? அவங்க மேல குத்தம் இல்லை. சும்மா செய்யின்னா எத்தனை நாளைக்குச் செய்வாங்க?

ஒடிசாவுல பூரியில 2021 ஜூலை 26-ல குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்கலாம்னு திட்டம் தொடங்கினாங்க, 24 மணி நேரமும் தண்ணி. அங்க சுயஉதவிக் குழுப் பெண்களை ‘ஜலசாத்தி’ன்னு வச்சிருக்காங்க. வீடு வீடாப் போய் மீட்டர் பாக்கிறது, பில் கொடுத்துப் பணம் வாங்குறது, தண்ணி பரிசோதிக்கிறது எல்லாம் அவங்க. வசூலாகிற பணத்துல அவங்களுக்குப் பங்கு உண்டு. மத்திய அரசோட அம்ருத் திட்டத்துலயும் ‘அம்ருத் மித்ரா’ன்னு நகரத்துக் குழுக்களுக்கு இந்த மாதிரி வேலை கொடுக்க வழி செஞ்சிருக்காங்க. நாம கேக்காம யாரும் கொண்டுவந்து தர மாட்டாங்க. கேக்கும்போது ‘சேவை செய்ய வாய்ப்பு தாருங்கள்’னு மனு எழுதாதீங்க. வேலை என்ன, மாசம் எத்தனை வீடு, ஒரு வீட்டுக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ள கொடுப்பீங்கன்னு எழுதிக் கேளுங்க. சேவைன்னு எழுதினா சால்வைதான் வரும். எனக்கு வீட்டுல ஏழு சால்வை இருக்கு.

நேரம் ஆயிட்டுது, செயலாளர் மணியைப் பாக்காவ. வாசல்ல செருப்பு விடுற இடத்துக்குப் பக்கத்து மேசையில ஒரு நோட்டு வச்சிருக்கேன். பத்தாவது, பன்னிரண்டாவது முடிச்ச பெண் பிள்ளைகளோட பேரு, படிப்பு, அம்மை போன் நம்பர் எழுதிட்டுப் போங்க. மோட்டார் ரூமையும் தொட்டியையும் பாக்க அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதியாச்சு, தலைவி கையெழுத்தும் போட்டாவ. அனுமதி வந்ததும் கூப்பிடுவேன். வரும்போது தாவணி, சேலை வேண்டாம், சுடிதார் போட்டு துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கிட்டு வாங்க. ஓடுற மோட்டார் பக்கத்துல முந்தானை பறக்கக் கூடாது. நோட்டும் பேனாவும் கொண்டு வாங்க, மீட்டர் முள்ளு எதுல நிக்குன்னு நான் கேப்பேன்.